கமலநாயகி அக்காவின் தோட்டத்தில் ஒன்றும் விளைவதில்லை

கமலநாயகி அக்காவிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் அது சரியில்லை. தோட்டம் எப்படி என்றால், ஒன்றும் வரவில்லை, எல்லாம் புழு. கணவர் சிவகுருநாதன் எப்படி என்றால், ஆளுக்குச் சுகமில்லை, ஏலாது. அந்த ஏலாத ஆள் அடுத்த அறையில் இரண்டாவது தட்டுப் புட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பார். மகள் சாரங்கா பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் முழுப் பிரிவுக்கும் பொறுப்பாக இருக்கிறாள். அதைப் பற்றி அக்கா சொல்வது, "ஏதோ போய் வாறாள்."

இதை எங்கள் ஆட்கள் யாரும் பொய்யாக எடுப்பதில்லை. நல்லது என்று வாயால் சொன்னால் கண்ணூறு படும், அதையே மற்றவர் சொன்னால் நாவூறு படும். ஆகவே சொல்கிறவர் குறைத்துச் சொல்வார், கேட்கிறவர் பெருக்கிக்கொள்ள வேண்டும். சாரங்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஹம்பேர்க்கிலிருந்து வந்த தரகர், "ஏதோ போய் வாறாள்" என்றதைக் கேட்டு மனதுக்குள் சம்பளத்தைக் கணக்குப் போட்டு, தேநீர் குடித்து முடிக்குமுன் மூன்று பொறியியலாளர்களின் படங்களை எடுத்து வைத்தார். ஒருவர் "ஒரு மாதிரி இருக்கிறம்" என்றால் வீடு வாங்கிவிட்டார் என்று பொருள். "நல்லா இருக்கிறம்" என்று யாராவது சொன்னால்தான் பயப்பட வேண்டும். என்ன கரைச்சல் என்று உடனே விசாரிக்க வேண்டும்.

அக்காவும் நானும் விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் கதைப்பார், நான் துவாய் மடிப்பேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது, கதையும் அந்த அளவில்தான். தோட்டத்துக்கு உதவியாளாக என்னைச் சேர்த்ததற்கும் அதுதான் காரணம் என்று அக்கா என் முகத்துக்கு நேரே சொன்னார். என் வாயிலிருந்து நாவூறு வராதாம்.

அவருடைய தோட்டம் எஸ்-பான் என்கிற நகர ரயிலின் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு தோட்டச் சங்கம் பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. சங்கத்தில் ஒழுங்குகள் நிறைய. வேலி இடுப்புக்கு மேல் வளரக்கூடாது. மதியத்தில் புல்லு வெட்டக்கூடாது, இந்த நாட்டில் புல்லுக்கும் மத்தியான நித்திரை உண்டு. எல்லாவற்றிலும் பெரிய ஒழுங்கு, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கறியோ பழமோ விளைய வேண்டும் என்பது. சும்மா கதிரை போட்டு வெயில் காய்கிறவருக்கு அங்கே இடமில்லை. இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

அக்காவுக்கு அந்த ஒழுங்கு ஒரு பொருட்டே அல்ல. கத்தரி, போஞ்சி, மிளகாய், பூசணி, கீரை, கண்ணாடிக் கூட்டுக்குள் வெண்டி என்று நிலம் பிதுங்கும். பாதையில் போகிறவர் கண்ணுக்கு அவை தெரியாது. பாதைப் பக்கம் சோளம் அடர்த்தியாக நிற்கும், அதற்குப் பின்னால் பச்சை வலை, வலை கிழிந்த இடத்தில் பழைய சீலை. மூலையில் குருவி விரட்ட ஒரு வெருளி, சிவகுருநாதன் அண்ணை விமான நிலையத்தில் சாமான் ஏற்றிய காலத்து மஞ்சள் மேற்சட்டையோடு. ரயிலில் போகிறவர்கள் அதைத் தண்டவாளம் திருத்த வந்த ஆள் என்று நினைப்பார்கள். வருடக்கணக்காக அசையாமல் நின்றதால் அந்த நம்பிக்கை உறுதியானதே தவிரக் குறையவில்லை.

விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோவது தெருவில் எறிந்திருந்த ஒரு குழந்தை வண்டிலில். மேலே கம்பளி மூடியிருக்கும். ஒருநாள் எஸ்-பானில் ஒரு வெள்ளைக்கார அம்மா ஆசையாகக் குனிந்து கம்பளியை விலக்கிப் பார்த்தார். உள்ளே பூசணி. அம்மா நிமிர்ந்து, அடுத்த தரிப்பிடம் வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா கலங்கவில்லை. கம்பளியைத் திரும்பவும் கழுத்து வரை இழுத்து விட்டார்.

எல்லாவற்றிலும் செல்லம் வத்தாளங்கிழங்கு. இந்தியாக்காரர் சர்க்கரைவள்ளி என்பார்கள். மாசியில் சமையலறை யன்னலில் கிழங்கை முளைக்கவிட்டு, தளிரை முறித்து வேர்விட வைத்து, மே நடுப்பகுதிக்காகக் காத்திருப்பார். அந்த நாட்களில் இங்கே ஐந்து பனிப் புனிதர்கள் வருகிறார்கள், கடைசிக் குளிரைக் கொண்டுவருகிற ஐந்து கிறிஸ்தவப் புனிதர்களின் திருநாட்கள். அவர்கள் போகுமுன் நட்டால் ஒரு இரவுக் குளிரில் எல்லாம் கருகும். கடைசியாக வருகிறவள் குளிர்ச் சோபி. கோயில் திருவிழாவுக்கு அக்கா தேர் இழுத்து முடிந்த பிறகுதான் வருவார். சோபியின் நாளை ஒருமுறையும் மீறியதில்லை. ஏனென்று கேட்டேன். பிள்ளையார் எங்கட ஆள், மன்னிப்பார் என்றார். சோபி அப்படியல்ல.

சங்கத் தலைவர் ஹெர் வைட்னர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மடிக்கிற அளவுகோல் ஒன்று எப்போதும் அவருடைய பையில் இருக்கும். வேலி ஒரு விரல் உயர்ந்தால் அவருடைய இரத்த அழுத்தமும் உயரும். ஆனால் நேர்மையான மனிதர். அவர் கேட்டால் அறிவதற்காகத்தான் கேட்பார். சொன்னால் நம்புவார். அக்கா தன் வாழ்க்கையில் அப்படியொரு பிறவியைச் சந்தித்ததில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வேலியருகில் நின்று விளைச்சல் எப்படி என்று கேட்பார். அக்கா இடுப்பில் கைவைத்துப் பெருமூச்சு விட்டு, "நிக்ஸ். அல்லெஸ் கபுட்," என்பார். ஒன்றுமில்லை, எல்லாம் போச்சு. அவருக்குப் பின்னால் ஈரச் சாக்கின் கீழ் மூன்று கூடை கத்தரிக்காய் இருக்கும். ஹெர் வைட்னர் அதை எட்டிப் பார்க்கிற ஆள் அல்ல. மற்றவர் வேலிக்குள் எட்டிப் பார்ப்பது ஒழுங்குக்கு மாறானது.

முதல் வருடம் அவர் புதிதாகத் தோட்டம் செய்வோருக்கான படப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். அடுத்த வருடம் ஒரு தள்ளுவண்டில் நிறையக் குதிரைச் சாணம். அதற்கடுத்த வருடம் எங்கள் மண்ணைக் கொஞ்சம் அள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். மண் மிகவும் நல்லது என்று பதில் வந்ததும் மனிதர் இன்னும் துக்கப்பட்டார். மண்ணில் பிழை இல்லையென்றால் பிழை அந்த அம்மாவில்தான். பிறகு தன் வீட்டில் வளர்த்த தக்காளிக் கன்றுகளை எடுத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வருகிறவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அக்கா வாங்கி நட்டார். அவை காய்த்துத் தள்ளின. செத்துப்போச்சு என்றார் அக்கா. ஹெர் வைட்னர் தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் நின்றார்.

சென்ற ஆகஸ்டில் ஒருநாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அவர் மெதுவாக, விளங்கும்படி பேசினார். தோட்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் சொந்தத் தம்பிக்கே முள்ளங்கி வராது. ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். செப்டெம்பர் கடைசியில் நிர்வாகம் வந்து பார்க்கும். மூன்றில் ஒரு பங்கு பயிர் இல்லாவிட்டால் நிலத்துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். மொழியால் அக்காவுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்பதற்காக, மேல்வரிசைத் தோட்டத்து அம்மா சந்திரகாந்தியை மொழிபெயர்க்கக் கூட்டிவருவார்கள்.

தோட்டம் போகப்போகிறது என்றபோது அக்காவின் முகம் சுண்டியது. சந்திரகாந்தி என்றதும் இரத்தமே வடிந்தது.

சந்திரகாந்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை, சுத்தமான ஜெர்மன், கெட்ட மனம் துளியும் இல்லை. நல்லதைக் கண்டால் வாய்விட்டுப் பாராட்டுவார். அதுதான் ஆபத்து. அவர் வடிவு என்று சொன்ன சீலையில் அன்றைக்கே சாம்பாறு கொட்டுப்பட்டது. அவர் நல்ல கார் என்ற கார் கோயில் வாசலைத் தாண்டவில்லை. ஐயரின் குரலைப் புகழ்ந்தார், ஐயர் ஒரு திருவிழா முழுக்கச் சைகையால் பூசை செய்தார். கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது, அது வேறு கதை. ஆனால் கணக்கு கணக்குத்தான். அந்தச் சந்திரகாந்தி முன்பொருமுறை வத்தாளங்கொடி இரண்டு முழம் கேட்டபோது, கொடி அழுகிப்போச்சு என்று அக்கா சொல்லியிருந்தார்.

இப்போதே போய்த் தலைவரிடம் உண்மையைச் சொல்லலாமே என்றேன். அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நல்லா விளையுது எண்டு என்ர வாயால சொல்லச் சொல்லுறீரோ பிள்ளை?"

நான் சாக்கை இழுத்துக் கத்தரிக்காய்க் கூடைகளை மூடினேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. சந்திரகாந்தியின் கண் படுவதற்கு முன் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், நிர்வாகம் வருவதற்கு முதல் வாரம் முழுவதும் நின்று தோட்டத்தை மொட்டையடித்தார். கத்தரிக்காய், மிளகாய், பூசணி, பிஞ்சு போஞ்சி, நாளை விரியவிருந்த கீரை எல்லாம் குழந்தை வண்டிலில் ஏறின. நானும் சொன்னபடி ஆய்ந்து கொடுத்தேன். வீட்டில் வெட்டி, அவித்து, பொதி செய்து குளிர்பெட்டிக்குள் அடைத்தோம். கடைசிப் பொதியை முழங்காலால் தள்ளி மூடியபோதுதான் நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். நிர்வாகம் பார்க்க வருவது காய்கறியைத்தானே, அக்கா.

அக்கா குளிர்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சிவகுருநாதன் அண்ணை புட்டுத் தட்டோடு வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உலகத்திலயே தன்ர தோட்டத்தைத் தானே களவெடுத்த ஒரே ஆள் உங்கட அக்காதான், பிள்ளை."

பிறகு அவரே வழியும் சொன்னார். தமிழ்க் கடையில் கத்தரிக்காய் வாங்கி, செடியில் நூலால் கட்டிவிடலாம். அக்கா அதைச் சிறிது நேரம் நேர்மையாக யோசித்தார். பிள்ளையாரின் முன் பூக்கட்டிப் பார்த்தார். பிள்ளையாருக்கு மனமில்லை, அல்லது தமிழ்க் கடை விலை தெரிந்திருந்தது. மிஞ்சியது வத்தாளை மட்டும். அதை இன்னும் கிண்டவில்லை, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. கிழங்கு விழுந்திருந்தால் தோட்டம் மிஞ்சும். விழாவிட்டால் அவ்வளவுதான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அக்கா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. "இந்தத் தோட்டம் போனால் நான் சனிக்கிழமையில எங்க போறது, பிள்ளை?" என்றார். அதற்குச் சிவகுருநாதன் அண்ணையும் பகிடி விடவில்லை.

நிர்வாகம் வந்த நாளில் வெயில் நன்றாக எறித்தது. ஹெர் வைட்னர், பொருளாளர் அம்மா ஒருவர், சந்திரகாந்தி. மொட்டைச் செடிகளைத் தாண்டி மூவரும் நடந்தார்கள்; தன் தக்காளிக் கன்றுகளும் இங்கேதான் செத்தன என்று ஹெர் வைட்னர் சொல்ல, சந்திரகாந்தி காம்புகளில் புதிதாக ஆய்ந்த தடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹெர் வைட்னர் ஒவ்வொரு செடியின் முன்னும் ஒரு கணம் நின்றார், அறிந்தவர்களின் கல்லறைகளைக் கடந்து போகிறவர்போல. பிறகு நிலத்தை மூடிக்கிடந்த பச்சைக் கொடியின் முன் வந்தார்கள். பொருளாளர் அம்மா உச்சுக்கொட்டினார். அந்த இலை இங்கே வேலிகளில் படருகிற களைக்கொடியின் இலை மாதிரியே இருக்கும், அவருடைய தோட்டத்திலும் அந்தக் களைதான் பெரிய கரைச்சலாம்.

சந்திரகாந்தி குனிந்து ஒரு இலையைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, கொடி அழுகிப்போச்செண்டு சொன்னியள்."

"பிறகு தளிர்த்தது."

"தளிர்த்ததோ?"

"ஒரு மாதிரி."

"நான் கேட்டு மூண்டு வருசமெல்லோ. அப்ப துவங்கித் தளிர்க்குதோ?"

அக்கா வெருளியைப் பார்த்தார். வெருளி உதவிக்கு வரவில்லை.

ஹெர் வைட்னர் இது உண்ணக்கூடிய பயிரா என்று கேட்டார். சந்திரகாந்தி கிழங்கு என்றார். அப்படியென்றால் பார்க்கலாமா என்றார் அவர். அக்கா மண் கிண்டுகிற நாலு பல் முள்ளை எடுத்து முதல் மேட்டில் காலால் மிதித்து ஊன்றிக் கிளப்பினார். ஒரு கிழங்கு வந்தது. தோல் மட்டும். உள்ளே எலி குடித்தனம் நடத்தி, வளவைத் துப்புரவாக்கிவிட்டுப் போயிருந்தது. எலி தின்றுவிட்டது, புழு தின்றுவிட்டது என்று அக்கா வருடக்கணக்காகச் சொன்னதை அந்த எலி ஒருவேளை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கலாம். இரண்டாவது மேட்டில் எலி வால்போல வேர்கள் மட்டும்.

ஹெர் வைட்னர் அக்காவின் தோளில் கைவைத்தார். அவர் ஒருமுறையும் சந்தேகப்பட்டதில்லை. இப்போதும் முழுவதையும் நம்பினார். பொருளாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா முள்ளை ஓரிடத்தில் ஊன்றப் போய், எடுத்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனார். எங்கே கிண்டச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இலைகள் அவ்வளவு அடர்த்தி.

சந்திரகாந்தி மட்டும் அசையாமல் நின்று, அக்கா இவ்வளவு காலமும் எதற்குப் பயந்தாரோ அதே கண்களால், மேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போனார். வேலி ஓரத்தில் அந்தப் பார்வை நின்றது. போய்க் கொடியைக் காலால் விலக்கினார்.

"இஞ்ச மண் வெடிச்சிருக்கு, அக்கா. இதில குத்துங்கோ. கொஞ்சம் தள்ளிக் குத்துங்கோ, இல்லாட்டிக் கிழங்கில படும்."

அக்கா குத்தினார். முள்ளு கிளம்பவில்லை. நானும் போய்ப் பிடியில் தொங்கினேன். மண் பிளந்து, ஒரு கொத்து மேலே வந்தது. நடுவில் இருந்தது சிவகுருநாதன் அண்ணையின் தலையளவு, மொட்டை உட்பட. சுற்றிலும் கையளவில் குட்டிகள். அடுத்த மேடும் வெடித்திருந்தது. அதற்கடுத்ததும். பொருளாளர் அம்மா கைக்கடிகாரத்தை மறந்து, சப்பாத்தோடு பாத்திக்குள் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினார்.

ஹெர் வைட்னர் அளவுகோலை விரித்துப் பெரிய கிழங்கை இரண்டுதரம் அளந்தார். கடைசியில், இது நல்ல விளைச்சல்தானே என்று அக்காவிடமே கேட்டார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஓம் என்று சம்மதிக்கிற ஒரு சொல். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். சந்திரகாந்தி அருகில் நிற்க, அவ்வளவு பெரிய கிழங்கு அம்மணமாக வெயிலில் கிடக்க, அந்தச் சொல் வெளியே வர மறுத்தது.

"சின்னன்," என்றார் தமிழில். "இந்த முறை சரியில்லை. இது காணாது."

ஹெர் வைட்னர் சந்திரகாந்தியின் பக்கம் திரும்பினார். சந்திரகாந்தி அக்காவை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையில், தரப்படாத இரண்டு முழம் கொடி இருந்தது. பிறகு நிமிர்ந்து நின்று, முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு பேசிப் பழகிய குரலில், கீழ்வரிசை முழுவதற்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தார். இந்தச் சங்கத்திலேயே மிகச் சிறந்த தோட்டம் இதுதான் என்று இந்த அம்மா சொல்கிறார். மண் பொன் போன்றது என்கிறார். மற்றக் காய்கறிகள் எல்லாம் வீட்டுக் குளிர்பெட்டியில் நிறைந்து வழிகின்றன, வந்தால் காட்டுவாராம். தலைவரின் தக்காளிகூட அற்புதமாகக் காய்த்ததாம்.

அக்காவுக்கு இவ்வளவு ஜெர்மன் விளங்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் குறுகினார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார், சுற்றிப் போடுவதற்கு.

"என்னை முடிச்சுப்போட்டாள், பிள்ளை," என்று என் காதில் சொன்னார்.

ஹெர் வைட்னருக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரைச் சாணம்தான் கடைசியில் வேலை செய்திருக்கிறது என்றார். அற்புதம் என்றார். இன்னொருமுறை அற்புதம் என்றார். தோட்டம் அக்காவுடையதுதான், இனி அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய கிழங்கைக் குழந்தையைப்போல ஏந்தச் சொல்லி அக்காவைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைச் சங்க வாசலில் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்கும்படி ஒட்டினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. படத்தில் அக்கா தூக்கில் போடப்போகிறவர்போல நிற்கிறார்.

அடுத்த நாள் அக்கா தோட்டத்தில் செத்தல் மிளகாயும் உப்பும் எரித்தார். சங்கத்தில் நெருப்பு மூட்டக்கூடாது, ஆனால் இறைச்சி வாட்டலாம். ஆகவே அடுப்பின் ஒரு ஓரத்தில் சட்டத்துக்காக ஒரு சொசேஜ் கிடந்தது. பத்தியம் பார்க்காத சிவகுருநாதன் அண்ணை அதற்குப் பொறுப்பாக நின்றார். புகை மேல்வரிசை வரை போனது. இருமிக்கொண்டே சந்திரகாந்தி வந்தார்.

"ஆருக்கு அக்கா சுத்திப்போடுறியள்?"

"கிழங்குக்கு."

"என்ர கண்ணுக்கோ?"

அக்கா இன்னொரு செத்தல் மிளகாயை நெருப்பில் போட்டார். சந்திரகாந்தி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் நாக்கைப் பற்றிச் சனம் என்ன கதைக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றார். நல்லதைக் கண்டு பேசாமல் இருக்கத் தன்னால் ஏலாது, என்ன செய்ய என்றார். பிறகு சொசேஜைப் பார்த்து நல்லா வாட்டுப்பட்டிருக்கு என்றார். சிவகுருநாதன் அண்ணை அவசரமாக அதைத் தூக்கி வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா எழுந்து போனார். கத்தியோடு வந்தார். குளிருக்கு முன் வெட்டித் தண்ணீரில் வைத்தால் கொடி யன்னலில் கிடந்து மாரியைத் தாண்டும். இரண்டு முழம் கேட்டவருக்கு ஒரு கட்டுக் கொடி கொடுத்தார். சோபி போகுமுன் நடக்கூடாது என்று மட்டும் சொன்னார். கிழங்குகளை வீட்டின் கொதிகலன் அறையில், சூட்டில், இனிப்புப் பிடிக்கும்வரை வைத்திருந்து, அதிலும் ஒரு பை அனுப்பினார். நல்லாயில்லை, சும்மா பாருங்கோ என்று சொல்லி அனுப்பினார்.

இந்த வருடம் ஆகஸ்டில் நானும் அக்காவும் மேல்வரிசைப் பக்கம் நடந்தோம். சந்திரகாந்தியின் வேலியில் புதிதாகப் பச்சை வலை. வலைக்குப் பின்னால் சோளம். அக்கா நின்றார்.

"எப்பிடி, வத்தாளை?"

சந்திரகாந்தி வலைக்கு மேலால் தலையை நீட்டினார். முகத்தில் அப்படியொரு துக்கம்.

"அதையேன் கேக்கிறியள், அக்கா. ஒண்டும் வரேல்லை. எல்லாம் அழுகிப்போச்சு."

அக்கா மெதுவாகத் தலையாட்டினார். திரும்பி நடக்கும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"நல்லாப் பிடிச்சிட்டுது," என்றார் என்னிடம். "என்ரையை விடப் பெரிசா விழும்போலயிருக்கு."

பாதை திரும்புகிற முடக்கில் ஹெர் வைட்னர் எதிரே வந்தார். எங்களுக்குத் தலையசைத்தார், நிற்கவில்லை. அவருடைய முகத்தில் இழவு வீட்டுக்குப் போகிற தோற்றம். குதிரைச் சாணம் நிறைந்த வண்டிலை மேல்வரிசைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.